எட்டு மணின்னா எட்டு மணிதான்!

நேரா விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஒரு பெண் தன் வீட்டில் வைத்து நாலு பேர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். "காலையில் எட்டு மணிக்குத்தான் திறப்பேன்" என்று சேர்க்கும்போதே சொல்லியிருக்கிறார். கதவில் எழுதியும் ஒட்டியிருக்கிறார். அந்த வீட்டு காலிங் பெல்லை 7.20-க்கு அழுத்தி, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு, "தாங்க்யூ காகூ" என்று கத்திக்கொண்டே லிஃப்டுக்கு ஓடுகிறவரை என்னவென்று சொல்வது? அவசரக்காரர் என்பீர்கள். பாவம், வேலைக்குப் போகிறவர்கள், என்ன செய்வார்கள் என்பீர்கள். நான் அதைத் திருட்டு என்று சொல்கிறேன். வாசலில் கிடக்கிற பால் பாக்கெட்டை ஒருத்தன் எடுத்துக்கொண்டு போனால் சொசைட்டியே கூடி நின்று சிசிடிவி பார்க்கிறது. நாற்பது நிமிஷத்தை எடுத்துக்கொண்டு போனால் எந்த சிசிடிவியிலும் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நான் பொட்டி தட்டிக் குப்பை கொட்டுவது புனேயில், ஹிஞ்சவடி பக்கம். ஊர் திண்டுக்கல். எங்கள் கட்டிடத்தில் பாதிப் பேர் என்னை மாதிரி பிழைக்க வந்தவர்கள்தான். ஒருத்தன் பாட்னா, ஒருத்தி நாக்பூர், ஒருத்தர் விஜயவாடா. எல்லார் வீட்டுத் தாத்தா பாட்டியும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள். கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, ஆறு மாசம் லீவு முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான் வரும்: பிள்ளையை எங்கே விடுவது?

அதற்குப் புனேயில் ஒரு பதில் உண்டு. மராத்தியில் பாளணாகர் என்பார்கள். அப்படியே தமிழில் சொன்னால் தொட்டில் வீடு. பெரிய ப்ளே ஸ்கூல், கண்ணாடிக் கதவு, கலர் கலராகச் சறுக்குமரம் என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். சாதாரண இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஹாலில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருக்கும். மூலையில் ஒரு பெட்டி நிறைய பொம்மை. பால்கனியில் கம்பி வலை. நடத்துகிறவர் அந்த வீட்டு அம்மா. பிள்ளைகளுக்கு அவர் காகூ, அதாவது சித்தி. பெற்றவர்களுக்கும் அவர் காகூதான். எங்கள் எதிர் ஃப்ளாட்டிலும் ஒரு காகூ இருக்கிறார். என் பெண் நாலு வருஷம் அங்கேதான் வளர்ந்தாள். அவள் பேசிய முதல் முழு வாக்கியமே மராத்தியில்தான் வந்தது. என் அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் வருத்தப்பட்டது தனிக் கதை, அந்தக் கொசுவத்தியை இன்னொரு நாள் சுத்துகிறேன்.

எதிர் ஃப்ளாட்டில் குடியிருப்பதால் காலையில் என்ன நடக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கம்பெனி பஸ் 7.40-க்கு சொசைட்டி கேட்டுக்கு வரும். அதனால் 7.15-ல் ஆரம்பித்து பெல் அடித்துக்கொண்டே இருக்கும். காகூ போட்டிருக்கிற நேரம் காலை 8 முதல் மாலை 7 வரை. பதினோரு மணி நேரம்! நாம் ஒன்பது மணி நேரம் ஆணி பிடுங்கிவிட்டே "கண்ணைக் கட்டுதே" என்கிறோம்.

அந்த எட்டு மணிக்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பெல் அடிக்கிறவர்கள் யாராவது யோசித்திருக்கிறார்களா? அவருக்குச் சொந்தமாக இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவனுக்கு ஸ்கூல் வேன் 7.30-க்கு. அவனுக்கு டப்பா கட்ட வேண்டும். சின்னவளுக்குத் தலை பின்ன வேண்டும். வீட்டுக்காரர் எட்டரைக்குக் கிளம்புவார். பாத்ரூம் ஒன்றுதான் சும்மா இருக்கும், இன்னொன்றைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. தவழுகிற குழந்தைகள் வருகிற தரையைப் பெருக்கி, துடைத்து, ஈரம் காயவிட வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். முந்தின நாள் பால் பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். உதவிக்கு வருகிற பாயி எட்டு மணிக்குத்தான் வருவார். அதற்கு முன்னால் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஈரத் தரைக்கும் கொதிக்கிற பாத்திரத்துக்கும் நடுவில் ஒற்றை ஆளிடம் வந்து சேருகிறது.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பிள்ளையை விடுவது என்பது கூரியர் கொடுக்கிற மாதிரி அல்ல. ராத்திரி தூங்கினானா, காய்ச்சல் அடித்ததா, வயிற்றுக்குப் போனதா, மருந்து கொடுத்தீர்களா, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், இதையெல்லாம் வாசலில் நின்று இரண்டு நிமிஷம் பேச வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் அடுத்த வேளைக்குக் குறைந்தது நாலு மணி நேர இடைவெளி விட வேண்டும். காலையில் ஆறரைக்குக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் ஓடிவிட்டால் காகூவுக்கு எப்படித் தெரியும்? கேட்டில் பஸ் ஹாரன் அடிக்கிறது, உள்ளே குக்கர் விசிலடிக்கிறது, நடுவில் கிரில் கேட் வழியாகப் பிள்ளை கை மாறுகிறது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க அவருக்கு நேரமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல இவர்களுக்கு நேரமில்லை. எட்டு மணி என்று ஒரு நேரம் போட்டதே இந்த இரண்டு நிமிஷத்துக்காகவும்தான்.

சரி, இவர்கள் சொல்கிற சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எல்லாம் நானே லிஃப்டில் காதால் கேட்டவை.

சாக்கு நம்பர் 1: "அஞ்சு நிமிஷம்தானே பாஸ்!"

அஞ்சு நிமிஷம் இல்லை, நாற்பது நிமிஷம். கணக்கு நமக்குப் பிடித்த விஷயம், போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 40 நிமிஷம், மாசத்துக்கு 22 வேலை நாள். மொத்தம் 880 நிமிஷம், அதாவது 14 மணி 40 நிமிஷம். வருஷத்துக்கு 176 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் என்று வைத்தால் 22 நாள். ஒரு முழு மாச வேலை! உங்கள் டேமேஜர் உங்களிடம் வந்து "வருஷத்தில் ஒரு மாசம் சம்பளம் இல்லாமல் வேலை பாருங்கள்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அன்று ராத்திரியே ரெஸ்யூமை அப்டேட் செய்வீர்களா இல்லையா?

எங்கள் காகூ வாங்குவது மாசம் 6,000 ரூபாய். ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம், 22 நாள் என்றால் 242 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 25 ரூபாய்கூட வரவில்லை. மாலில் காரை நிறுத்தினால் அவன் இதைவிட அதிகம் கேட்கிறான். அங்கே சீக்கிரம் போனால் யாரும் இலவசமாக நிறுத்தவும் விடுவதில்லை.

சாக்கு நம்பர் 2: "கர் பே ஹீ தோ ஹோதீ ஹை!" வீட்லதானே இருக்காங்க!

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வருவது இந்த வசனத்தைக் கேட்டால்தான். வீட்டில் இருந்தால் சும்மா இருப்பதாக அர்த்தமா?

ஐயா, அம்மா, 2020 ஞாபகம் இருக்கிறதா? மார்ச்சில் லாக்டவுன் போட்டு எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்களே. அப்போது ராத்திரி ஒன்பதரைக்கு கால் போட்டுவிட்டு "வீட்லதானே இருக்கீங்க" என்று டேமேஜர் சொன்னபோது நாமெல்லாம் எப்படிக் குதித்தோம்? வேலை வேறு வாழ்க்கை வேறு, எல்லை வேண்டும், மன உளைச்சல் என்று வாட்ஸப்பில் எத்தனை ஃபார்வர்டு போட்டோம்? அந்த ஒரே வசனத்தை அந்தப் பெண்மணி வருஷக்கணக்காக வாரத்துக்கு அஞ்சு நாள் கேட்டுக்கொண்டிருக்கிறார். நமக்கு வந்தால் ரத்தம், அவருக்கு வந்தால் தக்காளிச் சட்னியா?

வீடே கடையாக இருக்கிறவருக்கு ஷட்டர் கிடையாது. வீட்டுக்கும் தொழிலுக்கும் நடுவில் அவருக்கு இருக்கிற ஒரே சுவர், கதவில் ஒட்டிய அந்த எட்டு மணிதான். அதைத் தினமும் இடித்துவிட்டு "அஞ்சு நிமிஷம்தானே" என்றால் எப்படி?

அதே 2020-ல் இன்னொன்றும் நடந்தது. எங்கள் கட்டிடத்தில் ஏப்ரல் மாசத்திலிருந்து ஒருத்தர்கூட காகூவுக்குப் பணம் கொடுக்கவில்லை, இரண்டு வீடுகளைத் தவிர. "பிள்ளையை அனுப்பவில்லையே, எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். நியாயம். அனுப்பாத நேரத்துக்குப் பணமில்லை என்றால், கூடுதலாக அனுப்புகிற நேரத்துக்கு மட்டும் எப்படிப் பணமில்லாமல் போகிறது? இந்தத் தராசு ஒரு பக்கமாக மட்டும் சாய்கிற ரகசியம் என்ன?

சாக்கு நம்பர் 3: "காகூ நம்ம ஃபேமிலி மாதிரி!"

ஆகா! ஃபீஸ் நூறு ரூபாய் ஏற்றினால் "மார்க்கெட் ரேட் என்ன தெரியுமா" என்று கஸ்டமராக மாறிப் பேசுகிறவர்கள், காலை 7.20-க்கு மட்டும் குடும்பமாகிவிடுகிறார்கள். குடும்பம் என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அவர் பையனுக்குப் பத்தாவது பரீட்சை வந்தபோது இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் "இந்த ஒரு மாசம் எட்டரைக்கு விடுகிறோம் காகூ" என்று சொன்னார்கள்? யாரும் இல்லை. பரீட்சை நாள் காலையில்கூட அந்தப் பையன், அழுகிற பிள்ளை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் நேராகத் தெரியும்.

உறவு முறை சொல்லிக் கூப்பிடுவது நம் நாட்டில் நல்ல பழக்கம். ஆனால் அதையே கூப்பன் மாதிரி நீட்டி இலவசமாக வேலை வாங்குவது பழக்கமாகிவிட்டது. சித்தி என்று கூப்பிட்டுவிட்டால் சம்பளம் கேட்கக் கூச்சப்படுவார் என்று நமக்குத் தெரியும்.

சாக்கு நம்பர் 4: "பிடிக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானே? எக்ஸ்ட்ரா சார்ஜ் பண்ணட்டும்!"

கேட்க நியாயமாகத் தெரியும். இரண்டு பதில் இருக்கிறது.

முதலில், அவர் சொல்ல மாட்டார். ஏன் என்று உங்களுக்கும் தெரியும். கதவைத் திறந்ததும் முன்னால் நிற்பது நீங்கள் இல்லை, உங்கள் பிள்ளை. தூங்கி வழிந்துகொண்டு, நைட் டிரஸ்ஸோடு, பல்கூடத் தேய்க்காமல், "காகூ" என்று கையை நீட்டுகிற ஒன்றரை வயசுப் பிள்ளை. அதன் முகத்தில் கதவைச் சாத்த யாருக்கு மனசு வரும்? அந்த மனசை நம்பித்தானே பெல்லே அடிக்கிறீர்கள். பிள்ளையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போய் நின்றுவிட்டு, "அவங்க ஒண்ணும் சொல்லலையே" என்பது நல்ல நியாயம்.

இரண்டாவது, காசு கேட்டால் பிரச்சினை தீரும் என்பது நிச்சயமில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்று இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள், 2000-ல் வெளியிட்ட கட்டுரை. அங்கே பிரச்சினை சாயங்காலத்தில், பிள்ளைகளைக் கூட்டிப்போக லேட்டாக வருகிற பெற்றோர்கள். 10 காப்பகங்களை எடுத்துக்கொண்டு, அதில் 6-ல் மட்டும் 10 நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். லேட்டாக வருகிறவர்கள் குறைந்தார்களா? கூடினார்கள்! ஏறத்தாழ இரண்டு மடங்கானார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைமை திரும்பவில்லை. முன்பு "டீச்சர் காத்துக்கொண்டிருப்பாரே" என்று ஒரு உறுத்தல் இருந்தது. அபராதம் வந்ததும் "அதான் காசு கொடுக்கிறோமே" என்று ஆகிவிட்டது. அபராதம் போய் விலை ஆகிவிட்டது.

நம் ஊரிலும் அதுவேதான் நடக்கும். 7.20-க்கு ஐம்பது ரூபாய் என்று போட்டால், இப்போது மூன்று வீட்டுக்காரர்கள் வருகிற இடத்தில் எட்டு வீட்டுக்காரர்கள் வருவார்கள். அந்த நேரத்தை விற்க வேண்டுமா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. விற்க விருப்பமிருந்தால், உதவிக்கு வருகிற பாயிக்கும் சேர்த்துக் கட்டுப்படியாகிற விலையைப் போடட்டும், எழுதிக்கொடுக்கட்டும். விருப்பமில்லை என்றால் அது விற்பனைக்கு இல்லை. தன் பெண்ணுக்குத் தலை பின்னுகிற நேரத்தை விற்றே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இல்லை என்று சொல்கிற உரிமை நமக்கு மட்டும்தானா?

இப்போது எதிர்க் கேள்வி வரும். "நர்ஸ் வேலைக்குப் போகிறவர், ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர், தனியாகப் பிள்ளை வளர்க்கிற அம்மா, இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்?" நல்ல கேள்வி, மழுப்ப மாட்டேன். அவர்கள் சேர்க்கும்போதே கேட்கிறார்கள். எங்கள் கட்டிடத்தில் ஒரு நர்ஸ் அம்மா இருந்தார். மாசத்தில் பத்து நாள் காலை ஷிஃப்ட். முதல் நாளே உட்கார்ந்து பேசி, தனி ரேட் ஒத்துக்கொண்டு, ஷிஃப்ட் லிஸ்ட் வந்ததும் அதை காகூவிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பத்து நாளும் காகூ தயாராக இருப்பார். அது ஏற்பாடு. அதே மாதிரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஊரில் சாவு, விடிகாலையில் ரயில் என்றால் முந்தின ராத்திரி போன் செய்து கேளுங்கள். எந்தக் காகூவும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். கேட்பது வேறு, பெல் அடிப்பது வேறு.

தினமும் பெல் அடிக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், ஆஸ்பத்திரி நர்ஸும் இல்லை, நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பாயியும் இல்லை. அந்தப் பாயி தன் கைக்குழந்தையை எட்டு வயசு அக்காவிடம் விட்டுவிட்டு வருகிறார். காகூ வீட்டு ஃபீஸ் அவருக்குக் கட்டாது. பெல் அடிக்கிறவர்கள் என்னை மாதிரிப் பொட்டி தட்டுகிறவர்கள்தான். ஹெச்ஆருக்கு மெயில் எழுதத் தெரிந்தவர்கள், டேமேஜரோடு உட்கார்ந்து பேசக்கூடியவர்கள். இன்னொன்று, அம்மாக்களை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். வாசலில் நின்று அசடு வழிவது எப்போதும் அம்மாதான். அப்பா கீழே காரில் இன்ஜினை ஆன் செய்து வைத்துக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அந்த ஹாரன்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

உண்மையில் இந்த நாற்பது நிமிஷம் யாருடைய கடன்? காகூவுடையது இல்லை. முழுக்கப் பெற்றவர்களுடையதும் இல்லை. பஸ்ஸை 7.40-க்கு விட்டது கம்பெனி. எட்டேகாலுக்கு சிட்னி கிளையண்டோடு கால் வைத்தது கம்பெனி. வேலை நேரத்தை யார் முடிவு செய்கிறார்களோ, அந்த நேரத்தில் தொழிலாளியின் பிள்ளை எங்கே இருக்கும் என்பதற்கும் அவர்கள் பொறுப்பேற்க வேண்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை, ரொம்பப் பழைய நியாயம். 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் பிள்ளைகளைப் பார்க்க அறை வைக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் எஸ்டேட்டுகளுக்கு அப்படி ஒரு விதி வைத்தது. 1969-ல் டெல்லியில் மீரா மகாதேவன் 'மொபைல் கிரீச்சஸ்' ஆரம்பித்தபோது, கட்டிட வேலை நடக்கிற இடத்துக்கே காப்பகத்தைக் கொண்டுபோனார். அம்மா எங்கே எப்போது வேலை பார்க்கிறாளோ, அங்கே அப்போது காப்பகம். எவ்வளவு எளிமையான யோசனை!

நம்மை மாதிரி ஆபீஸ்காரர்களுக்கும் சட்டம் வந்தது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே திருத்தத்தில், 50 பேருக்கு மேல் வேலை பார்க்கிற நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் இருந்தது. அந்தப் பகுதி 2017 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வழியாக அந்த விதி தொடர்கிறது. அரசாங்கம் நடத்துகிற காப்பகங்களை நம்ப முடியுமா என்றால், மத்திய அரசுத் திட்டத்தில் (2022 முதல் 'பால்னா' என்று பேர்) ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம்தான் கணக்கு. நம் ஆபீஸ் நேரம் ஒன்பது மணி, போக வர டிராஃபிக்கில் இரண்டு மணி. எப்படிப் பொருந்தும்?

ஆக, சட்டப்படி பொறுப்பேற்க வேண்டியது கம்பெனி. அந்தப் பொறுப்பு கம்பெனியிலிருந்து நழுவிப் பெற்றவர்கள் தலையில் விழுகிறது. அவர்கள் அதைக் குனிந்து காகூ வீட்டு வாசலில் இறக்கி வைக்கிறார்கள். மேலே கேட்கத் துணிச்சல் இல்லாதவர்கள் கீழே அழுத்துகிறார்கள். நம் நாட்டில் எல்லாம் இப்படித்தான் இறங்கி வரும். கடைசியில் யாரால் திருப்பிக் கொடுக்க முடியாதோ அவர் மேல் போய் நிற்கும். இந்த விஷயத்தில் கடைசி ஆள் காகூகூட இல்லை. தலை பின்னிக்கொள்ளாமல் ஸ்கூலுக்குப் போகிற அவருடைய சின்னப் பெண்.

மேலே கேட்டால் நடக்குமா? நடக்கும், எல்லா இடத்திலும் இல்லை. என் பெண் காகூவிடம் போன வருஷங்களில் காலையில் அவளை விடுவது என் வேலை. என் மனைவிக்கு பேங்க், அவள் முன்னாலேயே கிளம்பிவிடுவாள். டீமில் தினமும் எட்டரை மணிக்கு மீட்டிங். ஒன்பதேகாலுக்கு மாற்றச் சொல்லி டேமேஜரிடம் கேட்டேன். முகத்தை ஏழு கோணலாக்கினார். இரண்டு மாசம் இழுத்தடித்தார். அப்ரைசலில் "ஃப்ளெக்ஸிபிலிட்டி போதாது" என்று ஒரு வரி எழுதினார். ஆனால் மாற்றினார். மாற்றின பிறகு பார்த்தால், டீமில் இன்னும் நாலு பேருக்கு அதே பிரச்சினை இருந்திருக்கிறது, யாரும் வாயைத் திறக்கவில்லை. ப்ராஜக்ட் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. கிளையண்ட் ஓடிப் போகவில்லை.

அதனால் பெல் அடிக்கிற நண்பர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். நாளைக்குக் காலையில் அந்த மெயிலை எழுதுங்கள். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி நாலு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சட்டத்தில் சொன்ன காப்பக வசதி எங்கே என்று ஹெச்ஆரைக் கேளுங்கள். ஒரு நாள் அம்மா, ஒரு நாள் அப்பா என்று லேட்டாகப் போகிற முறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால் காகூவிடம் உட்கார்ந்து பேசி, அவர் சொல்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் முடியாது என்றால், முடியாது என்று புரிந்துகொள்ளுங்கள். ஏழு மணிக்கே வந்துவிட்டால் சொசைட்டி பார்க்கில் பிள்ளையோடு உட்காருங்கள். உங்கள் பிள்ளைதானே! அந்த அரைமணி நேரம் அதோடு பேசினால் ஒன்றும் குறைந்துவிடாது.

காகூக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் தமிழ் தெரியாது, யாராவது மொழிபெயர்த்துச் சொல்லட்டும். எட்டு மணிக்கு முன்னால் பெல் அடித்தால் திறக்காதீர்கள். முதல் நாள் கோபித்துக்கொள்வார்கள். இரண்டாம் நாள் வேறு இடம் பார்க்கிறோம் என்று மிரட்டுவார்கள். மூன்றாம் நாள் எட்டு மணிக்கு வருவார்கள். ஏனென்றால் வேறு இடம் கிடையாது. உங்கள் ஹாலில் விரித்திருக்கிற அந்தப் பாய் இல்லை என்றால் ஹிஞ்சவடியில் பாதிக் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியவில்லை.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு எங்கள் கட்டிடத்து ஆட்கள் யாராவது "என்னைத்தான் சொல்றியா?" என்று கேட்டால், ஆமாம், உங்களைத்தான் :-)